சுழலைத் தவிர்க்கும் மரம்: கணினிப் பிணையங்களில் அளாவு மர நெறிமுறை

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணினிப் பிணையம் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா எனச் சிலர் எண்ணக்கூடும். கவிதையும் கதையும் மட்டுமே ஒரு மொழிக்குப் போதுமான உணவு ஆகா. நாள்தோறும் நாம் கையாளும் கருவிகளின் உள்ளியக்கத்தையும் அம்மொழியில் தெளிவுற எடுத்துரைக்க இயல வேண்டும். கணக்கையே செய்யுளாகப் பாடி வைத்த கணக்கதிகாரம் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம். ஆதலின் இக்கட்டுரை தமிழ் மலரில் இடம்பெறுதல் பொருத்தமே எனலாம்.

இன்று கல்லூரி, மருத்துவமனை, வங்கி, வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய எங்கும் கணினிகள் தனித்து நிற்பதில்லை. அவை கம்பிகளாலும் சுவிட்ச் எனப்படும் இணைப்புக் கருவிகளாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. இப்பிணையத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் பணி நிற்கக் கூடாது என்பதற்காக மாற்றுவழி அமைக்கிறோம். ஆனால் காப்பாற்ற வந்த அந்த மாற்றுவழியே பிணையம் முழுவதையும் முடக்கிவிடக் கூடும். இந்த முரண்பாடு எவ்வாறு எழுகிறது, அதனை அறிஞர் எவ்வாறு தீர்த்தனர் என்பதை மாணவர்களும் ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோர்களும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பாதைகளின் நன்மை

செந்துறை மக்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு இரண்டு இரயில் பாதைகள் உள்ளன. ஒன்று விருத்தாசலம், செந்துறை, அரியலூர் வழியாகச் செல்லும் கார்டு லைன். மற்றொன்று கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் மெயின் லைன். இவ்விரண்டும் விழுப்புரத்தில் பிரிந்து திருச்சியில் மீண்டும் கூடுகின்றன. வரைபடத்தில் நோக்கினால் இவை ஒரு பெரிய வளையமாகத் தோன்றும்.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இப்பகுதிப் பெரியோர்கள் இன்றும் மறவாத நிகழ்ச்சி அது. ஒரு பாலம் அறுந்தால் ஒரு பாதையே அறுந்துபோகும் என்பதையும், அத்தகைய வேளையில் வண்டிகளைத் திருப்பிவிட இன்னொரு பாதை இருப்பது எத்துணைப் பெரிய துணை என்பதையும் இதனால் உணரலாம்.

இரயில் பாதையில் வளையம் இருப்பதால் தீமை எதுவும் இல்லை. ஏனெனில் ஒவ்வொரு வண்டிக்கும் சேருமிடம் உண்டு; ஓட்டுநர் உண்டு; கால அட்டவணை உண்டு. அனைத்திற்கும் மேலாக, விழுப்புரத்துக்கு வந்த ஒரு வண்டி இரண்டாகப் பெருகி இரு பாதைகளிலும் ஒரே வேளையில் செல்வதில்லை. கணினிப் பிணையத்தில் நிகழ்வதோ இதுவே. தீமையின் வேர் இங்குதான் உள்ளது.

சுழல் எவ்வாறு பிறக்கிறது?

கணினி அனுப்பும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். பொதி தன்னிடம் வந்ததும் சுவிட்ச் அதன் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, ‘இக்கணினி இந்த வாயிலின் பக்கம் உள்ளது’ எனக் குறித்துக்கொள்கிறது. பெறுநர் இருக்கும் வாயில் முன்பே தெரிந்திருந்தால் அவ்வழியே அனுப்புகிறது. தெரியாவிடில், வந்த வாயில் நீங்கலாக மற்ற எல்லா வாயில்களிலும் படியெடுத்து அனுப்புகிறது. ‘அனைவருக்கும்’ என்று முகவரியிட்ட பொது அறிவிப்புப் பொதிகளையும் இவ்வாறே அனுப்பும். பிணையத்தின் முழு வரைபடம் சுவிட்சுக்குத் தெரியாது. தெரியாமலே பணியாற்றுவதுதான் அதன் எளிமையும் சிறப்பும் ஆகும்.

இப்போது மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்துவிட்டதாகக் கொள்வோம். ஒரு கணினி பொது அறிவிப்பு ஒன்றை அனுப்புகிறது. முதல் சுவிட்ச் அதனை மற்ற இரண்டுக்கும் அனுப்பும். இரண்டாவது மூன்றாவதற்கும், மூன்றாவது இரண்டாவதற்கும் அனுப்பும். அப்படிகள் மீண்டும் முதல் சுவிட்சை வந்தடையும். அது அவற்றைப் புதிய பொதிகள் எனக் கருதி மறுபடியும் அனுப்பும். இவ்வாறு ஒரு படி வலஞ்சுழியாகவும் மற்றொரு படி இடஞ்சுழியாகவும் ஓயாது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிணையத்தின் எல்லாக் கணினிகளுக்கும் அதே செய்தி மீண்டும் மீண்டும் போய்ச் சேரும்.

நான்கு சுவிட்சுகளை ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் இணையுமாறு அமைத்தால் நிலைமை இன்னும் கொடியது. ஒரு வழியே வந்த பொதி வேறு இரு வழிகளில் வெளியேறுவதால் படிகள் ஒவ்வொரு தாவலிலும் இரட்டிக்கும். பத்துத் தாவல்களில் ஒன்று 1,024 ஆகும். இருபது தாவல்களில் 10,48,576 ஆகும். இத்தாவல்கள் நிகழ ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியே போதும். நொடிக்கு நூறு மெகாபிட் வேகமுள்ள ஓர் இணைப்பு மிகச் சிறிய பொதிகளை நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 என்ற அளவில் சுமக்க வல்லது. அந்த அளவை எட்டும் வரை படிகள் பெருகும். எட்டியதும் உண்மையான செய்திகளுக்கு இடமின்றிப் போகும். இதனையே ‘பிராட்காஸ்ட் ஸ்டார்ம்’, அதாவது அறிவிப்புப் புயல் என்பர்.

இணையத்தில் நெடுந்தொலைவு செல்லும் ஐ.பி. பொதிகளுக்கு ஆயுள் எண் ஒன்று இடப்படுகிறது. ஒவ்வொரு வழிச்செலுத்தியைக் கடக்கும்போதும் அவ்வெண் ஒன்று குறையும். சுழியமானதும் பொதி அழிக்கப்படும். ஆனால் சுவிட்சுகளுக்கு இடையே செல்லும் ஈதர்நெட் பொதிக்கு அத்தகைய ஆயுள் எண் எதுவும் இல்லை. எனவே சுழலில் சிக்கிய பொதி தானாக மடிவதில்லை; எவரேனும் கம்பியைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

மரம் என்றால் என்ன?

மதகிலிருந்து புறப்படும் ஏரி நீர் வாய்க்காலாகி, கிளைவாய்க்கால்களாகப் பிரிந்து, வயல்களைச் சேர்கிறது. எந்த வயலுக்கும் மதகிலிருந்து ஒரே வழிதான். நீர் சுற்றிவந்து மீண்டும் அதே வாய்க்காலில் விழுவதில்லை. கணிதத்தில் இத்தகைய அமைப்பை ‘மரம்’ என்பர். எல்லாப் புள்ளிகளையும் தொட்டு, எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரே ஒரு வழி இருக்குமாறு அமைந்த மரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்பர். எல்லாவற்றையும் அளாவி நிற்பதால் தமிழில் இதனை ‘அளாவு மரம்’ எனலாம். ஐந்து ஊர்களை மரமாக இணைக்க நான்கு சாலைகள் போதும். ஐந்தாவது சாலை போட்டால் எங்கேனும் ஒரு வளையம் உண்டாகிவிடும்.

இக்கருத்து கணினிக்கு முற்பட்டது. தென் மொராவியாவுக்கு மின்கம்பி அமைக்கும் செலவைக் குறைக்கும் வழியைத் தேடிய செக் நாட்டுக் கணித அறிஞர் ஒட்டாகார் போரூவ்கா 1926இல் மிகக் குறைந்த செலவுள்ள அளாவு மரத்தைக் காணும் முறையை வெளியிட்டார். ஆங்கில அறிஞர் ஆர்தர் கேலி 1889இலேயே இத்தகைய மரங்களை எண்ணும் சூத்திரத்தைத் தந்திருந்தார். அதன்படி, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்துள்ள மூன்று புள்ளிகளில் 3 மரங்களும், நான்கு புள்ளிகளில் 16 மரங்களும், பத்துப் புள்ளிகளில் பத்துக் கோடி மரங்களும் அமையக்கூடும்.

இந்தப் பத்துக் கோடி என்ற எண்ணில்தான் சிக்கலின் உயிர்நாடி இருக்கிறது. மரம் ஒன்றைக் காண்பது அரிதன்று. எல்லாச் சுவிட்சுகளும் ஒரே மரத்தை ஏற்றுக்கொள்வதே அரிது. அவற்றுக்கு ஆணையிடத் தலைமைக் கணினி எதுவும் இல்லை. எந்தச் சுவிட்சிடமும் முழு வரைபடம் இல்லை. ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரோடு மட்டுமே பேச முடியும். அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் ஒரு முடிவுக்கு வர இயலுமா? இயலும் என மெய்ப்பித்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் இம்முறையை வகுத்து, 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1990இல் ஐ.இ.இ.இ. அமைப்பு இதனை 802.1டி என்னும் தரநெறியில் சேர்த்தது. தமிழ்த்துறையினர் மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அக்கட்டுரையின் முகப்பிலேயே, தம் நெறிமுறையின் சாரத்தை அவர் ஒரு சிறு பாடலாக எழுதினார். ஜாய்ஸ் கில்மர் 1913இல் மரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையின் அமைப்பைப் பின்பற்றிய அப்பாடலுக்கு ‘ஆல்கோரைம்’ என்று பெயர். நுட்பத்தைச் செய்யுளில் பொதியும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

நெறிமுறை செயற்படும் விதம்

ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி முன்னுரிமை எண். மாற்றாவிடில் அது 32,768 ஆக இருக்கும். பிற்பகுதி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட மாக் முகவரி. எல்லாவற்றினும் குறைந்த எண்ணை உடைய சுவிட்சே மரத்தின் வேர் ஆகும் என்பது விதி.

சுவிட்ச் உயிர்பெற்றதும், ‘நானே வேர்’ என்று அறிவிக்கும் நெறிமுறைச் செய்தியை அண்டைச் சுவிட்சுகளுக்கு அனுப்பும். அச்செய்தியில், தான் வேராகக் கருதும் சுவிட்சின் எண், அவ்வேரை அடையத் தனக்கு ஆகும் செலவு, தன் சொந்த அடையாளம் ஆகியவை இருக்கும். தன்னினும் குறைந்த எண்ணுடைய வேரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அது தன் உரிமையை விட்டுக்கொடுத்து, கேட்ட செய்தியையே மற்றவர்க்கு எடுத்துரைக்கும். விரைவிலேயே எல்லாச் சுவிட்சுகளும் ஒரே வேரை ஏற்றுவிடுகின்றன. அதன்பின் இரண்டு நொடிக்கு ஒருமுறை வேர் தன் நலத்தை அறிவிக்க, அது கிளைதோறும் பரவுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியின் அலுவலகம், நூலகம், ஆய்வகம் ஆகிய மூன்று இடங்களில் மூன்று சுவிட்சுகள் உள்ளன என்று கொள்வோம். குறைந்த எண் அலுவலகச் சுவிட்சுடையது. எனவே அதுவே வேர். அலுவலகம்–நூலகம், நூலகம்–ஆய்வகம் ஆகிய இரு இணைப்புகளும் கிகாபிட் வேகமுடையவை. அலுவலகம்–ஆய்வகம் இணைப்பு மட்டும் நூறு மெகாபிட் வேகமுடைய பழைய இணைப்பு. 1998ஆம் ஆண்டுத் தரநெறிப்படி கிகாபிட் இணைப்பின் செலவு 4. நூறு மெகாபிட் இணைப்பின் செலவு 19.

ஆய்வகச் சுவிட்சுக்கு வேரை அடைய இரு வழிகள் உள்ளன. நேர்வழியின் செலவு 19. நூலகம் வழியாகச் சென்றால் 4, 4 எனக் கூடி 8. எனவே நேர்வழியை விடுத்துச் சுற்றுவழியையே ஆய்வகம் தேர்ந்துகொள்ளும். அந்த வாயில் அதன் ‘வேர் வாயில்’ எனப்படும். எஞ்சிய அலுவலகம்–ஆய்வகம் கம்பியில் வேருக்கு அண்மையில் இருப்பது அலுவலகம். ஆதலால் அக்கம்பிக்குப் பொறுப்பு அலுவலகத்தின் வாயில். ஆய்வகப் பக்கத்து வாயில் வேர் வாயிலும் அன்று, பொறுப்பு வாயிலும் அன்று. ஆகவே அது அடைபடும். முக்கோணம் இரு பக்கமாகக் குறைந்தது, சுழல் அற்றது. கம்பியோ அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிக்க வேண்டும். போரூவ்கா தேடியது மொத்தச் செலவு மிகக் குறைந்த மரம். பெர்ல்மன் நெறிமுறை தருவதோ ஒவ்வொரு சுவிட்சுக்கும் வேரிலிருந்து குறுகிய வழி அமைந்த மரம். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தேர்வெழுதும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் நலம்.

அடைபட்ட வாயில் உறங்குவதில்லை

அடைபட்ட வாயில் செத்துப்போன வாயில் அன்று. அது சாதாரணப் பொதிகளை ஏற்காது, அனுப்பாது. ஆனால் நெறிமுறைச் செய்திகளை மட்டும் இடைவிடாது கேட்டுக்கொண்டே இருக்கும். நூலகம்–ஆய்வகம் கம்பி அறுந்துவிட்டால், ஆய்வகச் சுவிட்ச் இதுவரை அடைத்து வைத்திருந்த வாயிலைத் தன் வேர் வாயிலாகக் கொள்ளும். எனினும் உடனே திறந்துவிடாது. 15 நொடி செவிமடுக்கும். அடுத்த 15 நொடி முகவரிகளைக் கற்கும். அதன் பின்னரே பொதிகளைச் செலுத்தும். அறுந்த கம்பி தன்னைச் சேர்ந்ததாக இல்லாமல் தொலைவில் இருந்தால், பழைய செய்தி காலாவதியாக மேலும் 20 நொடி காத்திருக்கும். மொத்தம் 50 நொடி.

இத்தனை தாமதம் ஏன் என்று வினவலாம். புதிய மரத்தைப் பற்றிய செய்தி எல்லாச் சுவிட்சுகளையும் எட்டுமுன் ஒரு வாயில் அவசரப்பட்டுத் திறந்துவிட்டால், பழைய மரமும் புதிய மரமும் கலந்து சுழல் தோன்றிவிடும். அரை நிமிடம் தொடர்பின்றி இருப்பது பொறுக்கத்தக்கது. அரை நொடிச் சுழலோ பொறுக்கத்தக்கதன்று என்பதே இந்நெறிமுறையின் அடிப்படை முடிவு. பிற்காலத்தில், அண்டைச் சுவிட்சுகள் கேள்வி கேட்டு இசைவு பெற்று வாயிலைத் திறக்கும் விரைவு முறை 2001இல் 802.1டபிள்யூ என்ற பெயரில் வந்தது. பெரும்பாலான தருணங்களில் இது ஒரு சில நொடிகளுக்குள்ளேயே பணியை முடித்துவிடும். 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய முறை நீக்கப்பட்டு, விரைவு முறையே தரநெறியாயிற்று.

பாஸ்டன் மருத்துவமனை தரும் பாடம்

நெறிமுறை இருந்துவிட்டால் கவலை இல்லையா? 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவ மையத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெரிய மருத்துவமனை அது. கணினிப் பயன்பாட்டில் முன்னணியில் நின்றது. நவம்பர் 13 அன்று அதன் பிணையம் தள்ளாடத் தொடங்கிற்று. பெருமளவு தரவுப் பாய்ச்சலும் அளாவு மரத்தின் நிலைகுலைவும் சேர்ந்து சுழல்களை உண்டாக்கின. சில நாட்களுக்கு மருத்துவமனை தாளுக்கும் பேனாவுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று. ஆய்வு முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் ஆட்கள் கையில் ஏந்தி ஓடினர். கணினியிலேயே பழகிய இளம் மருத்துவர்களுக்குத் தாளில் மருந்து எழுதுவதே புதிய பாடமாயிற்று.

காரணம் என்ன? வழக்கமான கால அளவுகளின்படி, பிணையத்தின் எந்த இரு முனைகளுக்கும் இடையே ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது பரிந்துரை. மருத்துவமனையின் பிணையம் ஆண்டுதோறும் ஒட்டி ஒட்டி வளர்ந்து அந்த எல்லையைக் கடந்திருந்தது. அதன் கணினித் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தார். பிற நிறுவனங்கள் தத்தம் பிணையங்களைச் சரிபார்க்க அது வழிகோலியது.

இந்நிகழ்ச்சியோடு சேர்த்து உணர வேண்டிய பலவீனம் ஒன்று நெறிமுறைக்குள்ளேயே உள்ளது. அடைபட்ட வாயில் நெறிமுறைச் செய்தியைக் கேட்கும் வரைதான் அடைபட்டிருக்கும். கேட்கவில்லையெனில், ‘வழி அறுந்தது, நான் திறக்க வேண்டும்’ என முடிவு செய்யும். நெரிசல் மிகுந்து செய்தி தொலைந்தாலும், பளு தாங்காமல் சுவிட்ச் திணறினாலும் அதே அமைதிதான் நிலவும். அந்த அமைதியை அறுந்த வழியென்று பிழையாகப் பொருள்கொண்டு வாயில் திறந்துவிட்டால் சுழல் பிறக்கும். சுழல் நெரிசலைப் பெருக்கும். நெரிசல் மேலும் செய்திகளை விழுங்கும். இவ்வாறு நோய் தன்னையே வளர்த்துக்கொள்ளும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

இதனால் கல்லூரி ஆய்வகங்களையும் அலுவலகங்களையும் பேணுவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வேரை நாமே தெரிவு செய்ய வேண்டும். முன்னுரிமை எண்ணை மாற்றாமல் விட்டால் மாக் முகவரி குறைந்த சுவிட்ச் வேராகிவிடும். அது மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய, மெதுவான சுவிட்சாகவும் இருக்கலாம். நடுவில் உள்ள வலிமையான சுவிட்சுக்கு 4,096 போன்ற குறைந்த எண்ணை அளித்தல் வேண்டும்.

இரண்டாவது, மேசைக் கணினிகளுக்கு உரிய வாயில்களில் காவல் அமைக்க வேண்டும். அங்கிருந்து நெறிமுறைச் செய்தி வந்தால், எவரோ ஒரு சுவிட்சை இணைத்திருக்கிறார் என்றே பொருள். அவ்வாயிலைத் தானே மூடும் வசதி பல சுவிட்சுகளில் உண்டு.

மூன்றாவது, கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய சுவிட்சுகள் பலவற்றில் இந்நெறிமுறை இருப்பதில்லை. ஒரே கம்பியின் இரு முனைகளையும் அதே சுவிட்சில் செருகினாலே சுழல் உண்டாகிவிடும். தொங்கும் கம்பியைக் கண்டதும் காலியான துளையில் செருகும் ஆர்வத்தை மாணவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பிணையத்தை அளவறிந்து வளர்க்க வேண்டும். பெரிதாகும்போது வழிச்செலுத்திகளைக் கொண்டு பகுதிகளாகப் பிரித்துவிட்டால், ஒரு பகுதியின் புயல் மறுபகுதியைத் தாக்காது. எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்னும் வரைபடம் ஒன்றும் அலுவலகச் சுவரில் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

பெரிய தரவு மையங்களில், வழிகளை அடைத்து வைக்காமல் எல்லாவற்றையும் பயன்படுத்தும் புதிய முறைகள் இன்று வந்துள்ளன. பெர்ல்மனே 2011இல் வெளியான ‘ட்ரில்’ என்னும் அத்தகைய தரநெறிக்கு வழிகாட்டினார். எனினும் கல்லூரி, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றின் சுவிட்சுகளில் மர நெறிமுறை இன்றும் ஓசையின்றிக் காவல் காத்து வருகிறது.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் ஒளியிழைக் கம்பிகள் ஊராட்சிகளை நோக்கி வரும் காலம் இது. செந்துறை வட்டத்துச் சிற்றூர்களிலும் பள்ளிகளும் சுகாதார நிலையங்களும் பிணையங்களை நம்பி இயங்கும். அவற்றைப் பேணப்போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. மாற்றுவழி இல்லாத பிணையம் ஒரு கம்பி அறுந்தால் மாளும். மாற்றுவழிகள் எல்லாம் ஒரே வேளையில் திறந்துகிடக்கும் பிணையம் தன் செய்தியிலேயே மூழ்கி மாளும். வழிகள் பல வேண்டும்; அவற்றுள் ஒன்று இயங்க, மற்றவை விழித்திருந்து தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இவ்வுண்மையை நன்கு உணர்ந்து கற்று, தாம் கற்றதைப் பிறர்க்குத் தமிழில் எடுத்துரைக்க மாணவச் செல்வங்கள் முன்வர வேண்டும்.